முப்பத்திரண்டாம் நாள் வருபவர்

பாஸ்டர் ஜெபநேசன் சிவபதம் அடைந்துவிட்டார் என்றுதான் எனக்குச் செய்தி வந்தது. எங்கள் மூத்தோர் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் மரண அறிவித்தல் போடுகிறவர், போன முறை போட்டதையே எடுத்துப் பெயரையும் படத்தையும் மாற்றிப் போடுகிற பழக்கம் உள்ளவர். அன்று அந்த இரண்டையும் மாற்றியவர் மிச்சத்தை மறந்துவிட்டார். நான் குசினியில் பாண் வாட்டிக்கொண்டு நின்றேன். வாசித்ததும் எனக்கு வந்தது கோபம். ‘போதகர் எப்படிச் சிவபதம் அடைவார்? படம் மாறிவிட்டது, பார்த்துப் போடுங்கள்’ என்று எழுதி அனுப்பிவிட்டுத் தேநீர் குடித்தேன். பத்து நிமிடம் கழித்துத் திருத்தம் வந்தது. கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்று இருந்தது. படம் மாறவில்லை. ஒருவர் இறந்த செய்திக்கு முதல் ஆளாகப் பிழை திருத்தம் எழுதியவள் நான். குழுவில் இருக்கும் எல்லோரிடமும் இங்கே மன்னிப்புக் கேட்கிறேன்.

அவருக்கு வயது ஐம்பத்தாறு. என்னைவிட ஒன்பது வயது இளையவர். மாரடைப்பு என்றார்கள்.

உங்களில் பலர் அவரை அறிவீர்கள். ஞாயிற்றுக்கிழமை சிறிய தமிழ்ச் சபை ஒன்றின் போதகர், மற்ற நாட்களில் ஆஸ்பத்திரியில் நோயாளிகளையும் அவர்களுடைய வீட்டாரையும் பார்த்து ஆறுதல் சொல்கிறவர். ஆனால் அவருடைய உண்மையான வேலை அதற்குப் பிறகு தொடங்குவது. செத்தவீட்டுக்கு அவர் அவசரப்பட்டு வரமாட்டார். “அப்ப வாறதுக்கு ஆக்கள் தாராளமா இருக்கினம். நான் பிறகு வாறன்” என்பார். சைவக்காரர் வீடு என்றால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து, வாடகைக்கு எடுத்த கதிரைகள் திரும்பிப் போய், சாப்பாட்டுச் சட்டிகளை அவரவர் வந்து எடுத்துக்கொண்டு போன அடுத்த நாள் வருவார். முஸ்லிம் வீடு என்றால் நாற்பது நாள் முடிய வேண்டும். அவருடைய சபையில் அப்படி ஒரு கணக்கும் இல்லை. “எங்கட ஆக்களுக்குத்தான் எப்ப போறதெண்டு தெரியாமல் முழிக்கிறனான்” என்று சொல்லிச் சிரிப்பார்.

என் கணவர் இறந்து ஆறு வருடமாகிறது. முப்பத்திரண்டாம் நாள் கிளென் வேவர்லி வீட்டில் நான் தனியே இருந்தேன். நகரத்தின் மறு கோடியில் டார்னெய்ட்டில் இருக்கும் மகள் வேலைக்குத் திரும்பிவிட்டாள். மணி அடித்தது. கதவைத் திறந்தால், கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பார்த்த அதே ஆள். நான் விறைப்பாகச் சொன்னேன்: “நாங்கள் சைவம். மதம் மாறுற எண்ணமில்லை.”

“மாத்த வரேல்லை அக்கா. தேத்தண்ணி குடிக்க வந்தனான்.”

உள்ளே வந்தவர் நின்றுகொண்டே கேட்டார்: “எது அண்ணையின்ர கதிரை?” ஜன்னலோரக் கதிரையைக் காட்டினேன். முப்பத்தொரு நாளும் வீடு நிறைய ஆட்கள். நிலத்தில் இருந்தார்கள், படியில் இருந்தார்கள், அந்தக் கதிரையில் ஒருவரும் இருக்கவில்லை. அவர் நேரே போய் அதில் உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. குசினிக்குப் போய், அந்த மாதத்திலேயே முதல் தடவையாக நானே கேத்திலைப் போட்டேன். அவர் மூன்று கரண்டி சீனி கேட்டார். “மெர்சிக்குச் சொல்லிப் போடாதேங்கோ, எனக்குச் சலரோகம்” என்றார். மெர்சி அவருடைய மனைவி. நான் அழுதுகொண்டே சிரித்தது அன்றுதான்.

பிறகு மாதம் ஒரு முறை வந்தார். ஜெபம் பண்ணட்டுமா என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஒரு தடவை நான் பேசிக்கொண்டிருக்கும்போதே நித்திரையாகிவிட்டார். குறட்டை வேறு. எழுப்ப மனமில்லாமல் நான் வெங்காயம் உரித்துக்கொண்டு இருந்தேன். வீட்டில் இன்னொருவர் மூச்சுவிடும் சத்தம் கேட்டது எனக்குப் போதுமாக இருந்தது.

நான் முப்பது வருடம் ஒரு பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் இருந்தவள். அடுத்த தடவை எப்போது என்று எழுதிக் கையில் கொடுக்காமல் ஒருவரையும் அனுப்பியதில்லை. எனக்கு எதற்கும் ஒரு தீர்ந்த பதில் வேண்டும். ஆகவே இரண்டாம் தடவை வந்தபோதே கேட்டேன், கணவருடைய உடுப்பை என்ன செய்வது என்று. சொந்தக்காரர் எல்லாரும் முப்பத்தொன்றோடு கொடுத்து முடி என்றவர்கள். அவர் அலுமாரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “கை வைக்காதேங்கோ அக்கா. அப்பிடியே இருக்கட்டும்.” அவ்வளவுதான்.

அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் ஆறு வருடம் ஓட்டினேன். வீட்டை விற்றுவிட்டுத் தன்னோடு வரும்படி மகள் கேட்கிறாள். பேரப்பிள்ளைகளும் கேட்கிறார்கள். உடுப்பைக் கொடுக்காமல் வீட்டை எப்படி விற்பது? “அம்மா, சிக்ஸ் இயர்ஸ் ஆச்சு. பிளீஸ்” என்பாள். “பாஸ்டர் சொன்னவர்” என்பேன். அதோடு அந்தக் கதை முடியும். நாங்கள் சைவக்காரர், ஆனாலும் அந்த வீட்டில் போதகருடைய சொல்தான் சட்டம்.

அடக்க ஆராதனை முடிந்து சபை மண்டபத்தில் தேநீர் தந்தார்கள். நான் தட்டில் இரண்டு பற்றிஸை வைத்துக்கொண்டு நின்றபோது, கிரெய்கிபர்னிலிருந்து வந்த நசீர் என்பவர் பக்கத்தில் வந்தார். பலசரக்குக் கடைக்காரர், மனைவியை இழந்தவர். பாஸ்டரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.

“நாப்பது முடிஞ்ச அடுத்த நாள் வந்தாரு. ‘உடுப்பெல்லாம் இந்தக் கிழமையே குடுத்துடுங்க நசீர் நானா, ஒண்டும் வைக்காதீங்க’ எண்டு சொன்னாரு. அவரே நிண்டு பேக்கில கட்டித் தந்தாரு. அவர் சொல்லாட்டி நான் இன்னும் அந்த அறைக்குள்ளதான் கிடந்திருப்பன் அக்கா.”

“உங்களுக்குக் குடுக்கச் சொன்னவரா?” என்று இரண்டு தரம் கேட்டேன். ஓம் என்றார். அப்படியானால் எனக்குச் சொன்னது என்ன? யோசித்துச் சொன்னாரா, வாயில் வந்ததைச் சொன்னாரா? கதிரையில் தானே ஏறி இருந்த மனிதர் அலுமாரியை ஏன் தொடாதே என்றார்? பெட்டிக்குள் கிடக்கிற ஒருவரோடு எனக்கு மண்டபத்தில் நின்று கோபம் வந்தது. பற்றிஸைத் தின்னாமல் வந்துவிட்டேன். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான்.

முப்பத்திரண்டாம் நாள் மெர்சியிடம் போனேன். அவர்களைப் போன்ற வேதக்காரருக்கு அந்தக் கணக்கு இல்லையென்று தெரியும். வேறு எந்த நாளில் போவது என்றும் எனக்குத் தெரியவில்லை. துக்கம் விசாரிக்கப் போனேன் என்று சொன்னால் பொய். நியாயம் கேட்கத்தான் போனேன். அவள் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். பாஸ்டர் நசீருக்குச் சொன்னதையும் எனக்குச் சொன்னதையும் அவள் முன்னால் போட்டேன்.

“அவருக்கு என்ன தெரியும் அக்கா?” என்றாள் மெர்சி, ஆச்சரியமே இல்லாமல். “உங்கட வீட்டால வந்த அண்டைக்குச் சாப்பிடேல்லை. ‘ஒரு மனுசிக்கு ஒண்டு சொல்லிப் போட்டன், சரியோ பிழையோ தெரியேல்லை’ எண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சவர். ஒவ்வொரு வீட்டால வரேக்கையும் இதுதான் கதை.”

“தெரியாட்டி ஏன் சொன்னவர்?”

“நீங்கள் கேட்டனீங்கள்தானே.”

மெர்சி என் கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினாள். பிறகு தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்: “அக்கா, இவற்ற உடுப்புகளை நான் என்ன செய்யிறது? மற்றவைக்கெல்லாம் சொன்ன மனுசன் எனக்கு ஒண்டும் சொல்லாமல் போட்டார். நீங்கள் சொல்லுங்கோ.”

கேட்டுவிட்டு அவள் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையில் விளையாட்டு இல்லை. நான் என்ன சொல்கிறேனோ அதை அப்படியே செய்வாள் என்று தெரிந்தது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம், அதுதான் உண்மை. ஆனால் அந்த முகத்துக்கு முன்னால் அந்தச் சொல் வெளியே வரவில்லை. “குடுத்துப் போடுங்கோ மெர்சி” என்றேன். நானா சொன்னேன் என்று எனக்கே திகைப்பு. அவள் பெருமூச்சு விட்டாள். “ஓம் அக்கா” என்றாள். அன்று பின்னேரமே இருவருமாக அவருடைய சேர்ட்டுகளை மடித்துப் பையில் போட்டோம். சரியாகச் சொன்னேனா என்று இன்றைக்கு வரை தெரியாது. இரண்டு தரம் அவளுக்கு போன் எடுத்தேன், இரண்டு தரமும் கேட்கப் பயந்து வேறு கதை கதைத்துவிட்டு வைத்துவிட்டேன்.

இந்தப் பயத்தை அந்த மனிதர் எத்தனை வீட்டிலிருந்து சுமந்துகொண்டு போயிருப்பார் என்று இப்போது நினைக்கிறேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அதுதான். ஞானமோ ஆறுதலோ என்று பெரிதாக எழுத என்னால் முடியவில்லை.

மற்றது, வருகிற சனிக்கிழமை மகள் வருகிறாள். திரும்பவும் கேட்பாள். பாஸ்டர் சொன்னவர் என்று இனி நான் சொல்ல முடியாது. உன் அப்பாவைப் போக விட எனக்கு மனமில்லை, அதனால்தான் உடுப்பை வைத்திருக்கிறேன், ஆறு வருடமும் அது என்னுடைய விருப்பம்தான் என்று சொல்ல வேண்டும். அலுமாரிக்கு முன்னால் நின்று இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்தேன். பாதிக்கு மேல் குரல் வரவில்லை.