கொள்ளையருக்குச் சோறு போட்ட ஞானையன்

முன்னறையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. சாதாரணச் சிரிப்பல்ல, தட்டில் இருந்த கோப்பைகளையெல்லாம் குலுங்கவைக்கும் சிரிப்பு. அடுக்களையில் பழம்பொரியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்த ஞானையனின் கை அந்தரத்தில் நின்றது. மகள் ஜிஜியைப் பெண் கேட்டு வந்தவர்கள் எவரும் இந்த வீட்டில் இதுவரை சிரித்ததில்லை. பாதி பேர் வாசலுக்கே வந்ததில்லை.

மனைவி லீலாபாய் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"கேட்டியளா! டீச்சரு நீங்க கடல் கொள்ளக்காரன்னு நெனச்சாக்கும் வந்திருக்காவ!"

ஞானையன் கரண்டியைக் கீழே வைத்தார். "அப்ப இதும் போச்சா லீலே?"

"போவல்ல மனுஷா! அதுக்குத்தான் வந்தாவளாம்! ஒரு கொள்ளக்காரர நேருல பாக்கணும்னு சின்னதிலேருந்தே ஆசையாம்!"

பாறசாலையிலிருந்து காரக்கோணம் போகும் வழியில் யாரிடம் கேட்டாலும் ஞானையனின் வீட்டைக் காட்டுவார்கள். ஆனால் கேட்கிற விதத்தில் கேட்க வேண்டும். இளவயதில் கல்யாண வீடுகளில் சோறு வடித்தவர், பிறகு மும்பைக்கு ரயிலேறி, சரக்குக் கப்பல் ஒன்றில் சமையல்காரரானார். ஏடன் வளைகுடாவில் அந்தக் கப்பலைச் சோமாலியக் கொள்ளையர்கள் பிடித்தார்கள். பல மாதம் சிறையிருந்து மீண்டவரை வரவேற்க, ஊர் கிளப்புக்காரர்கள் ஜங்ஷனில் பனை உயரத்துக்கு பிளெக்ஸ் வைத்தார்கள். அங்கேதான் விதி சிரித்தது!

படம் கேட்டு வந்தவர்களிடம் லீலாபாய் கொடுத்தது, விடுதலையான அன்று எடுத்த படம். பிரிகிற வருத்தத்தில் ஒரு கொள்ளைக்காரன் தன் தலைத்துண்டை ஞானையனுக்குக் கட்டிவிட்டு, கையில் துப்பாக்கியையும் திணித்து எடுத்தது. மற்ற படங்களில் எல்லாம் அவர் கண்ணை மூடியிருந்தார் என்பதுதான் லீலாபாய் சொன்ன காரணம். அந்தப் படத்திலும் கண்கள் கலங்கித்தான் இருந்தன. பிளெக்ஸ் அடித்தவன் கண்ணீரைத் துடைத்து, விழிகளுக்குச் சிவப்பு ஏற்றிவிட்டான். மழைக்காலம் வந்ததும் அந்த பிளெக்ஸ் இவர் வீட்டு விறகுக் குவியலுக்கே மூடியானது. ரோட்டில் போகிறவர்களை எல்லாம் ஞானையன் துப்பாக்கியோடு முறைத்தார்.

கடைசியில் அதை எடுத்து எரித்தார். பெயர் எரியவில்லை. ஆட்டோ ஸ்டாண்டில் யாராவது வீடு கேட்டால், "கொள்ளக்காரன் ஞானையனுக்க வீடா? நேரே போயி வலத்தோட்டு திரும்பணும்" என்று அன்பாகத்தான் சொல்வார்கள். ஆரியங்கோட்டிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் வலது பக்கம் திரும்பவேயில்லை. வந்த வண்டியிலேயே போய்விட்டார்கள். அடுத்து வந்தவர்கள் போனை எடுப்பதில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்க்கும் ஜிஜி, "எனக்கு ஒண்ணும் இல்லப்பா" என்பாள். அந்த 'ஒண்ணும் இல்ல' தகப்பனின் உள்ளத்தை எத்தனை தரம் அறுத்தது!

இன்று வந்திருப்பவர் திருப்புறத்து விமலகுமாரி டீச்சர். சரித்திரம் கற்பித்து ஓய்வு பெற்றவர். துபாயிலிருக்கும் மகன் வினீத்துக்கு ஜிஜியைப் பிடித்துவிட்டது, ஜிஜிக்கும் அவனை. டீச்சரின் தலையாட்டல் ஒன்றுதான் பாக்கி.

"ஒரு மணிக்கூர் கொள்ளக்காரனாட்டு இரியுங்க," என்று லீலாபாய் கெஞ்சினாள். "பிள்ளைக்க வாழ்க்க ஆக்கும். மீசையக் கொறச்சி முறுக்குங்க."

"எனக்கு மீசையே இல்லியே டீ!"

"அப்ப முறைக்கவாவது செய்யுங்க!"

முறைத்துக்கொண்டே பழம்பொரித் தட்டுடன் ஞானையன் முன்னறைக்குள் நுழைந்தார். டீச்சர் எழுந்து நின்றுவிட்டார்.

"அண்ணன் இரியணும்! பிரான்சிஸ் டிரேக்குனு ஒருத்தன். கப்பல் கப்பலாட்டு கொள்ளையடிச்சான், இங்கிலாந்து ராணி அவனுக்கு 'சர்' பட்டமே குடுத்தா. ஹென்றி மார்கன ஜமைக்காவுக்குத் துணை கவர்னரே ஆக்கினாவ. ராஜாவுக்க அனுமதிச் சீட்டு இருந்தா கொள்ளையும் உத்தியோகம்! சீனத்துல செங் ஷின்னு ஒருத்தி, நூத்துக்கணக்கு கப்பலுக்குத் தலைவி. அரசாங்கமே மன்னிப்பு குடுத்து, வயசாயி கட்டில்ல கெடந்தாக்கும் செத்தா! நான் இதெல்லாம் கிளாசுல சென்னா பிள்ளேளு கொட்டாவி விடும். எங்க குடும்பத்துல மூணு தலமுறையா எல்லாவனும் கிளார்க்கு, அண்ணே. கொறச்சி உப்பு வேண்டாமா?"

"வேணும், வேணும்," என்றாள் லீலாபாய் கதவோரத்திலிருந்து.

"நம்ம குஞ்ஞாலி மரைக்காரையும் போர்ச்சுக்கீசுக்காரன் கொள்ளக்காரன்னுதான் சென்னான். கோழிக்கோட்டு ராஜா சாமூதிரிக்க கடற்படைத் தலைவரல்லியா அவரு! சரி, செல்லுங்க. அண்ணன் எத்தன கப்பல் பிடிச்சிய?"

ஞானையன் கதவோரத்தைப் பார்த்தார். "ஒண்ணு..." லீலாபாய் இருமினாள். "...ரெண்டு."

"ரெண்டா!" டீச்சர் கை தட்டினார்.

"அப்பா!" உள்ளறைத் திரையை விலக்கிக்கொண்டு ஜிஜி வந்து நின்றாள். சிரிப்பை அடக்கி அடக்கி அவள் முகம் சிவந்திருந்தது. "டீச்சர், எங்கப்பா ஒரு கோழியக்கூட அறுக்க மாட்டாரு. அம்மையாக்கும் அறுப்பா. இப்பிடி ஏமாத்தி எனக்குக் கல்யாணம் வேண்டாம்."

லீலாபாய் நெஞ்சில் கை வைத்து நாற்காலியில் சரிந்தாள். ஞானையன் முறைப்பைக் கழற்றிவைத்தார்.

"நான் வெறும் சமையல்காரன், டீச்சரே. அவனுவளுக்கும் எங்க ஆளுவளுக்கும் ஒரே சருவத்துல பொங்கினேன். விஷம் வச்சிருவேன்னு பயந்து, எல்லாத்தையும் முதல்ல என்னயத் தின்னச் செல்லுவானுவ. ஜெயில்ல இருந்து தடிச்சு வந்த ஒரே ஆளு நானாக்கும்."

டீச்சரின் முகம் வாடியது. பழம்பொரியை எடுத்தவர் கடிக்காமல் வைத்துவிட்டார். "ஒரு கப்பலும் பிடிக்கல்ல?"

"இல்ல."

"தோக்கு? துப்பாக்கி?"

"என்னைய நோக்கித்தான் பிடிச்சானுவ."

ஐயோ, கைக்கு எட்டிய கல்யாணம்! ஜிஜியின் கண்ணோரம் முதல் முறையாக நனைந்தது.

அதைப் பார்த்த ஞானையன் டீச்சரிடம் பேசவில்லை, மகளிடம் பேசினார். "அன்னைக்குக் கப்பல்லேருந்து நான் போன் செய்தது ஓர்ம உண்டா மக்கா? நீ பள்ளிக்கூடத்திலேருந்து வந்து எடுத்தியே."

"உண்டு. என்ன கறி வச்சான்னு கேட்டிய. மீன் பொரிச்சதுன்னு சென்னேன். நீங்க அப்பிடிச் சிரிச்சிய."

"வீட்டுக்குப் போன் செய்து அழுது கரையணும், அப்பத்தான் கப்பல் முதலாளி பணம் தருவான்னு பிடரியில தோக்க வச்சாக்கும் நின்னான் ஒருத்தன். எல்லாவனும் கரைஞ்சான். எனக்க முறை வந்தப்ப எடுத்தது நீ. பிள்ள பயந்து போவும்லா? சிரிச்சேன். அதுக்கு அடி கிட்டிச்சு. அது போட்டு, விடு."

ஜிஜிக்கு இது இன்றுவரை தெரியாது. லீலாபாய்க்கும் தெரியாது. இருவரும் வாய் பொத்தி நின்றார்கள். டீச்சர் மூக்கை உறிஞ்சினார். பிறகு வைத்த பழம்பொரியை எடுத்து ஒரே கடியில் பாதியை விழுங்கினார்.

"டிரேக்கு கெடக்கட்டும், மார்கனும் கெடக்கட்டும்," என்றார் நிறைந்த வாயோடு. "அவனுவளுக்கு நான் சம்மந்தி ஆவ முடியுமா? எனக்கு இந்த அண்ணன் மதி, போதும். ஆனா ஒரு கண்டிஷன் உண்டு."

மூவரும் டீச்சரின் வாயையே பார்த்தார்கள்.

"கல்யாணச் சோறு அண்ணன்தான் பொங்கணும். முதல் வாய் எனக்கு முன்னால நின்னு தின்னணும். விஷம் வச்சிருந்தா?"

டீச்சர் முதலில் சிரித்தார். பிறகு ஜிஜி. ஞானையனுக்குச் சிரிப்பா அழுகையா என்று அவருக்கே விளங்கவில்லை. தோளில் கிடந்த துவர்த்தை எடுத்து முகம் முழுவதையும் மூடிக்கொண்டார்.

மிச்சப் பழம்பொரியை டீச்சர் தாளில் பொதிந்து கைப்பைக்குள் வைத்தார். ஜிஜியின் கன்னத்தைக் கிள்ளி, "வினீத்துக்கு நானே விளிச்சு செல்லுதேன். அதுக்கு முந்தி நீ செல்லாத, கேட்டியா?" என்றார். ஜிஜி ஏற்கெனவே முதுகுக்குப் பின்னால் மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்தாள். படியிறங்கி, செருப்பை மாற்றிப் போட்டு, திரும்ப வந்து சரியாகப் போட்டு, டீச்சர் ஆட்டோவில் ஏறினார்.

ஆட்டோ வளைவு தாண்டும்வரை ஞானையன் கை ஆட்டினார். தாண்டிய பிறகும் ஆட்டினார்.

"மதி, உள்ள வாருங்க," என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள் லீலாபாய். "எனக்கு ஒண்ணு சத்தம் போட்டுக் கரையணும், சிரிக்கவும் செய்யணும். ஊருக்குக் கேக்கண்டாம்."

கதவைச் சாத்தினாள்.