காவலுக்கு வந்த அத்தை

இயற்கைப் பாடத்தை இனி வகுப்புக்குள் நடத்தக் கூடாது, பிள்ளைகளை வெளியே அழைத்துப்போய் மரத்தையும் பறவையையும் நேரில் காட்ட வேண்டும் என்று எங்கள் பள்ளிக்கூடத்துக்கு உத்தரவு வந்தபோது நான் மூன்றாம் வகுப்பில் இருந்தேன். முப்பதுகளின் தொடக்கம் அது. அமராவதிபுதூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பெண்பிள்ளைகளுக்கென்று இருந்த அந்தச் சின்னப் பள்ளிக்கூடத்துக்கு ஒரே ஒரு டீச்சர், திண்டுக்கல் பக்கமிருந்து வந்த கிறிஸ்தவப் பெண். கண்மாய்க்குப் போகப் போகிறோம் என்று அவர் சொன்ன அன்றே ஊரில் பேச்சுக் கிளம்பிவிட்டது. பெண்பிள்ளைகளைப் படிக்க அனுப்புவதே பெரிது, கண்மாய்க்கு வேறு அனுப்புவதா? கடைசியில், போகிற ஒவ்வொரு பிள்ளையோடும் அந்த வீட்டிலிருந்து ஒரு பெரியவள் காவலுக்குப் போக வேண்டும் என்று முடிவாயிற்று.

எங்கள் வீட்டில் அம்மாவுக்குக் கைக்குழந்தை. அதனால் அப்பா தன் தங்கையை அனுப்பினார். அத்தைக்கு இருபது வயது கடந்திருக்கும். கல்யாணமான மறுவருஷமே புருஷனை இழந்து, வெள்ளைச் சேலையோடு எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தவள். யாருக்காவது எதிரே வந்துவிடுவோமோ என்று பயந்து, விடியும் முன்பே தண்ணீர் எடுத்து வந்துவிடுவாள். அப்புறம் நாள் முழுக்க வீட்டுக்குள்தான். மற்றப் பிள்ளைகளோடு பூ வைத்த அம்மாக்கள் வரும்போது எனக்கு மட்டும் இவள் வருகிறாளே என்று குறைப்பட்டுக்கொண்டேதான் கிளம்பினேன்.

பள்ளிக்கூட வாசலிலேயே ஒரு பிள்ளையின் அம்மா ஆரம்பித்துவிட்டாள். "பிள்ளைக கிளம்புற நேரத்துல இவளா முன்னால நிக்கணும்?"

அத்தை பின்னால் போய் நின்றுகொண்டாள். டீச்சர் நேரே அவளிடம் போய்க் கையைப் பிடித்தார்.

"நீங்க முன்னால வாங்க அக்கா. எனக்கு இந்த வரப்பெல்லாம் பழக்கமில்ல. உங்களைப் பிடிச்சுக்கிட்டாத்தான் விழாம நடப்பேன்."

டீச்சர் அப்படியொன்றும் விழுகிறவர் இல்லை. இருந்தாலும் கண்மாய்க்கரை வரைக்கும் கையை விடவில்லை.

மழை முடிந்து கண்மாய் நிறைந்து கிடந்தது. கரையோரக் கருவேல மரத்தில் தூக்கணாங்குருவிக் கூடுகள் தொங்கின. குஞ்சுகள் பறந்து போய்விட்டதால் எல்லாம் வெறுங்கூடுகள். அவை எங்களுக்கு எட்டாத உயரத்தில் இருந்தன. ஒரே ஒரு கூடு மட்டும் அறுந்து விழுந்து, தண்ணீருக்கு நடுவே கோரையில் சிக்கியிருந்தது. அது கிடைத்தால் பிரித்துக் காட்டலாமே என்றார் டீச்சர். பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அத்தை சேலையை வரிந்து கட்டினாள். நாங்கள் என்னவென்று கேட்பதற்குள் தண்ணீரில் இறங்கிவிட்டாள். இடுப்பு வரை நடந்தாள். அப்புறம் நீந்தினாள். அத்தைக்கு நீந்தத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். பிள்ளைகள் எல்லாரும் கூச்சல் போட்டோம். கூட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் சொட்டச் சொட்ட அவள் கரையேறியபோது சிரித்துக்கொண்டிருந்தாள். சிரித்தால் அவள் முகம் எப்படி இருக்கும் என்பதும் எனக்குப் புதிது.

டீச்சர் கூட்டைப் பிரித்தார். உள்ளே ஒரு பக்கம் காய்ந்த களிமண் ஒட்டியிருந்தது.

"இந்த மண்ணு எதுக்கு டீச்சரம்மா?" என்று அத்தைதான் கேட்டாள்.

"காத்துல ரொம்ப ஆடாம இருக்கறதுக்குன்னு சொல்றாங்க. எனக்கும் நிச்சயமாத் தெரியல."

"அப்ப எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

நாங்கள் கொஞ்ச நேரத்தில் கூட்டை மறந்துவிட்டுக் கட்டுச்சோற்றைப் பிரித்தோம். அத்தை சாப்பிடக்கூட வரவில்லை. திரும்பி வரும்போதும் டீச்சரைக் கேள்வியாய்க் கேட்டுத் துளைத்துக்கொண்டே வந்தாள். எங்குட்டுப் போய்ப் படிச்சீக? அங்க யாரு சோறாக்குவாக? என்னை மாதிரி ஆளுகளையும் சேர்த்துக்கிருவாகளா? அப்பா அனுப்பிய காவல் வேலையை அத்தை சரியாகச் செய்கிறாள், டீச்சர் எப்படிப்பட்டவர் என்று துப்பு விசாரிக்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

கரையில் மாடு ஓட்டிப்போன பெரியப்பா, அத்தை நீந்தியதைப் பார்த்துவிட்டு எங்களுக்கு முன்பே வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டிருந்தார். அப்பா வாசலிலேயே நின்றார்.

"கண்மாயில இறங்குனியா?"

"இறங்குனேன் அண்ணே. பிள்ளைக பாடத்துக்கு."

"பிள்ளைக பாடத்துக்கா?"

அத்தை கொஞ்சம் தயங்கினாள். "எனக்கும்தான்" என்றாள்.

அப்பாவின் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குப் பயமாகிவிட்டது. எப்படியாவது அத்தையைக் காப்பாற்ற வேண்டும். "அத்தை சும்மா வரலப்பா. டீச்சர் எங்க படிச்சாக, யாரு சோறாக்குனா, அத்தை மாதிரி ஆளுகளைச் சேர்ப்பாகளா, எல்லாத்தையும் விசாரிச்சுட்டு வந்துருக்கா" என்றேன்.

அப்பா தங்கையையே பார்த்துக்கொண்டு நின்றார். அத்தை தலையைக் குனிந்துகொண்டாள். நல்ல காவல்காரிதான் என்று அப்பா ஒப்புக்கொண்டுவிட்டார் போலும் என்று எனக்கு நிம்மதி.

உள்ளிருந்து அம்மா வந்தாள். "ஈரச் சேலையோட வாசல்ல நிக்க வச்சா கேக்குறீக? நீ உள்ள போ தாயி."

"ஊரு என்ன சொல்லும்?" என்றார் அப்பா.

"இப்ப மட்டும் ஊரு அவளை நல்லதாவா சொல்லுது?"

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். சில வாரம் கழித்து டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்து அவரோடு வெகு நேரம் பேசினார். அப்பா முடியாது என்றார். அப்புறம் பார்க்கலாம் என்றார். கோடை விடுமுறை முடிகிற சமயம், அத்தையை மதுரைக்குத் தானே கொண்டுபோய் விட்டுவருவதாகச் சொன்னார். அங்கே தங்கிப் படித்தால் அத்தையும் டீச்சர் ஆகலாமாம்.

மோட்டார் பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது, அழக் கூடாது என்றிருந்த நான் அழுதுவிட்டேன்.

"அடுத்த தடவை கண்மாய்க்குப் போறப்ப என்கூட யாரு வருவா?"

அத்தை வாயைத் திறப்பதற்கு முன் அம்மா முந்திக்கொண்டாள். "ஏன், நான் வர மாட்டேனா? எனக்கும் அந்தக் கூட்டைப் பாக்கணும்."

எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. அம்மாவுக்கு நீந்தத் தெரியாது. தம்பியை வேறு இடுப்பில் சுமக்க வேண்டும். வீட்டில் இத்தனை வேலை கிடக்க, இவள் எதற்கு அவ்வளவு தூரம் வர வேண்டும் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.