‘காணேல்ல’ என்ற பிலோமினா மிஸ்

சென்ற ஞாயிறு வங்காலையில் பூசை முடிந்து வெளியே வந்தபோது தொலைபேசி அடித்தது. எங்கள் பிள்ளைகள் வார்டில் வேலை செய்யும் அன்ரனி. “பிலோமினா மிஸ் மோசம் போட்டா, சிஸ்டர்.” நெஞ்சுவலியில் இறந்துவிட்டாராம். ஓய்வுபெற்று ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஆய்வுகூடத்தில் பரிசோதனை பார்த்த பிலோமினா மிஸ்ஸோடு மல்லுக்கட்டாத தாதி எவளும் எங்கள் ஆஸ்பத்திரியில் இல்லை. அதிகம் மல்லுக்கட்டியவள் நான். ஆகவே, அவரோடு வேலை செய்த உங்களுக்கு நானே எழுதுகிறேன்.

அந்த மழைக்காலத்தை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அடுத்தடுத்து மூன்று கைக்குழந்தைகள் வந்தன. மூன்றுக்கும் மூச்சு முட்டு, மூச்சிழுக்கும்போது விலா உள்ளே போனது. கொண்டச்சியிலிருந்து வந்த தாய், “வெறும் சளித் தடிமன்தான், சிஸ்டர்” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மழையோடு வருடாவருடம் வரும் வைரஸ் என்று நினைத்து மூக்குச் சளியை அனுப்பினோம். உடனடிப் பரிசோதனையில் மூன்றும் நெகட்டிவ். தனியறை தட்டுப்பாடு. டொக்டர் வரும்வரை பொறுக்காமல் கொண்டச்சிப் பிள்ளையைப் பொது வார்டுக்கு மாற்றினேன். பக்கத்துக் கட்டிலில் குறைமாதத்தில் பிறந்த ஒரு பெண்குழந்தை கிடந்தது.

சற்று நேரத்தில் மிஸ் மூச்சிரைக்க வார்டுக்கு ஓடிவந்தார்.

“மூண்டு பிள்ளைக்கும் ஒரே முட்டு, மூண்டும் நெகட்டிவ். எனக்கு மனம் கேக்கேல்ல. உடன தனியறைக்குக் கொண்டு போங்கோ.”

“உங்கட பேப்பர்தானே இல்லை எண்டு சொல்லுது?” எனக்கும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“இல்லை எண்டு சொல்லேல்ல. காணேல்ல எண்டுதான் சொல்லுது. ரெண்டும் ஒண்டோ, சிஸ்டர்?”

யுத்தத்தில் காணாமல்போன தமையனுக்கு அவர் வீட்டில் இன்றுவரை இறந்தோர் பூசை ஒப்புக்கொடுக்கவில்லை. பிள்ளையைத் தனியறைக்குத் தூக்கிக்கொண்டு போனோம்.

மாதிரிகளைக் கொழும்புக்கு அனுப்பிவிட்டு, மிஸ் தினமும் காலையில் வந்து அந்தக் குறைமாதக் குழந்தையின் நெஞ்சையே பார்த்துக்கொண்டு நிற்பார். நான் மூச்சை எண்ணுவேன். நான்காம் நாள் குழந்தை இருமியது. மாலைக்குள் ஒட்சிசன் வைத்தோம்.

அடுத்த நாள் கொழும்பிலிருந்து பதில் வந்தது. அதே வைரஸ்தான், எங்கள் பரிசோதனை தேடும் இடத்தில் அதன் மரபணு மாறியிருந்தது. மிஸ் எங்களுக்குச் சொன்ன விளக்கம் இது: “கூத்துக் கொப்பியைப் பாத்தெழுதேக்க ஒரு எழுத்துப் பிழைச்சா, அடுத்த கொப்பிக்கும் அந்தப் பிழை போகும். வைரசும் தன்னைப் பாத்துப் பாத்துத்தான் எழுதுது. இந்த முறை நாங்கள் தேடுற சொல்லிலயே பிழைச்சுப்போச்சு.”

பதினொரு நாள் போராடி அந்தக் குழந்தை தாயோடு வீடு போனது. அதற்குத் தொற்றியது என் அவசரத்தால் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். பிறகும் எத்தனையோ சண்டை போட்டோம். கோபம் வந்தால் அவர் வாயில் எது வரும் என்று சொல்ல முடியாது, உங்களுக்குத் தெரியாததா? ஆனால் “நான் அண்டைக்கே சொன்னனான்தானே” என்று ஒருநாளும் சொல்லவில்லை. அவர் சொல்லாமல் விட்ட அந்த ஒரு வசனத்தைத்தான் நான் வைத்திருக்கிறேன்.