வெள்ளையடித்த பிறகு தெரிந்தவர்கள்

மார்ச் ஒன்பதாம் தேதி, சனிக்கிழமை. வழக்கம்போல ஏழு மணிக்குத் தோட்ட ஆபீஸின் பின்பக்கம் இருக்கும் மழைமானியைப் பார்த்தேன். குவளையின் அடியில் பனிமூட்டத்தின் ஈரம் மட்டும் ஒட்டியிருந்தது. 'மழை இல்லை' என்று பதிந்து, குவளையைத் துடைத்துக் கவிழ்த்துவிட்டு ஆபீஸைத் திறந்தேன். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வேலையில் சனிக்கிழமை அரை நாள்தான். வேலைக்கு வந்தவர்களின் பெயர்களைச் சரிபார்த்தேன், கொழுந்து பறிக்க நிரைகளைப் பிரித்துக் கொடுத்தேன், துரையிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினேன். வீட்டில் பழைய சேலைக்கு மாறி, தலையில் துணி கட்டி, பிளாஸ்க்கில் தேத்தண்ணி எடுத்துக்கொண்டு தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டியிருக்கும் பழைய லயத்துக்கு நடந்தேன். திங்கட்கிழமை என் அண்ணனுக்குக் கருமாதி. அதற்குள் அவர் வீட்டுக்கு வெள்ளையடித்தாக வேண்டும்.

சாவு விழுந்த வீட்டுக்குப் பதினாறாம் நாளுக்கு முன் வெள்ளையடிப்பது எங்கள் தோட்டத்தில் தவறாத வழக்கம். தானா ராத்தா டவுன் பக்கம் குடியேறியவர்கள் இப்போது கடைச் சாயம் அடிக்கிறார்கள். பழைய லயத்தில் இன்றும் சுண்ணாம்புதான், அதில் கொஞ்சம் நீலம். செத்தவரின் மனைவி கருமாதி முடியும்வரை எந்த வேலையும் தொடக்கூடாது. அதனால் நானும் அண்ணியின் தம்பியும் அடிப்பதாக ஏற்பாடு. அவன் திரிங்காப்பில் காய்கறி லோரி ஓட்டுகிறான்.

அண்ணன் தேயிலை ஃபெக்டரியில் ஃபிட்டராக இருந்தவர். படம் வரைவார், கவிதை எழுதுவார். இரண்டையும் அவர் தனித்தனியாகச் செய்ததில்லை. கொழுந்து வாட்டும் பழைய துணியில் தேயிலைச் சாற்றால் வரைந்து, கொடியில் போட்டு, மழை அதை மாற்றும்வரை காத்திருப்பார். ஒருமுறை மலைப்பாதையில் சுண்ணாம்புத் தூளால் நீளமாக ஒரு கவிதை எழுதினார். காலையில் கொழுந்து பறிக்கப் போனவர்களின் காலணிகளில் அது ஒட்டிக்கொண்டு மேட்டுக்குப் போய்விட்டது. "இப்பத்தான் முடிஞ்சுச்சு," என்றார். ஈப்போவில் ஒரு கண்காட்சிக்கு அழைத்தார்கள். ஈரம் காயாத துணிகளைக் கொண்டுபோய் மாட்டினார். பார்த்தவர்கள் வாசனை நன்றாக இருக்கிறது என்றார்களாம்.

இரண்டு வருடத்துக்கு முன் நெஞ்சு வலி வந்து வேலையை விட்டார். அதன்பின் வீட்டுச் சாமான் ஒன்று பாக்கியில்லை. தட்டு, குடை, அண்ணியின் கொழுந்துக் கூடை, எல்லாவற்றிலும் எழுதினார், வரைந்தார். கூடையில் இருந்த மை கொழுந்தில் இறங்கி, மொத்தக் கொழுந்தையும் கங்காணி திருப்பி அனுப்பிய நாளில் அண்ணி கத்திவிட்டார்: "இனிமே இந்த வீட்ல ஒரு கோடு தெரிஞ்சுச்சுன்னா நான் இங்க இருக்கமாட்டேன்." மறுவாரம் அண்ணன் தூரிகை, மை எல்லாவற்றையும் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டார். அதன்பின் அவர் ஒன்றும் வரைந்து நாங்கள் பார்க்கவில்லை. அண்ணி காலையில் கொழுந்து பறிக்க மலைக்குப் போவார், அண்ணன் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பார். அப்படியே ஒரு மத்தியானம் போய்விட்டார்.

பாடை எடுத்த அன்று அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது ஒன்றுதான். "என் வாய்தான் அவரு கையக் கட்டிப்போட்டுடுச்சு. அதுலதான் அவரு செத்தாரு." நான் என்ன சொல்லியும் அவர் கேட்கவில்லை. இரண்டு வாரமாகச் சோறும் சரியாக இறங்கவில்லை.

நான் போனபோது அண்ணி வாசலோரம் பாயில் உட்கார்ந்திருந்தார். அவர் தம்பி சுண்ணாம்பைக் கரைத்து வைத்திருந்தான்.

"வாங்க கிராணியம்மா. மழைய அளந்தாச்சா? சுவர அளக்கணும், வாங்க."

"நீ முதல்ல உன் வயித்த அளடா," என்றார் அண்ணி. அந்த இரண்டு வாரத்தில் அவர் சொன்ன முதல் கேலி அது.

வாசலுக்கு எதிர்ச் சுவரில் தொடங்கினோம். அடுப்புப் புகையில் பழுத்து மஞ்சளாகிப் போன சுவர். சுண்ணாம்பு ஈரமாக இருக்கும்போது வெளுப்பு தெரியாது, காயக் காயத்தான் ஏறும். அங்கங்கே அது பிடிக்காமல் முத்து முத்தாக உருண்டது.

"எண்ணெப் புக ஏறிடுச்சு லா," என்றான் அவன். "ரெண்டாவது கை அடிச்சா சரியாப் போயிடும்."

எதிர்ச் சுவரும் பக்கச் சுவரும் முடிந்தன. வெளியே வந்து பிளாஸ்க்கைத் திறந்தோம். மூட்டம் ரிங்லெட் பக்கமிருந்து ஏறி, கீழ்நிரைகளை மூடிக்கொண்டிருந்தது. அவன் லோரிக் கதை ஏதோ சொன்னான். குடித்துவிட்டு நான்தான் முதலில் உள்ளே போனேன்.

உள்ளே ஆட்கள் நின்றார்கள்.

எனக்கு அப்படித்தான் தோன்றியது. வெளியே வந்துவிட்டு, மறுபடி போனேன். பக்கச் சுவர் வெளுத்திருந்தது. வெளுக்காமல் விட்டுப்போன பழைய மஞ்சள் கோடுகளில், தரையில் கால் பதித்து, ஆள் உயரத்துக்கு வரிசையாக நின்றார்கள். முகம் ஒருவருக்கும் இல்லை. ஆனாலும் நிற்கும் விதத்தில் எல்லாரும் தெரிந்தார்கள். இடது தோள் இறங்கிய கூடைக்காரம்மா, குடையை ஊன்றி நிற்கும் காவல்காரர், தலையைச் சாய்த்துக் கேட்கும் பக்கத்து வீட்டுக்காரர். இந்த லயத்தில் இருந்து செத்தவர்கள், விட்டுப் போனவர்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஈரம் காய்ந்து இன்னொருவர் வந்தார்.

அண்ணியின் தம்பி கோட்டைத் தடவி நகத்தால் சுரண்டி முகர்ந்தான். "மெழுகுவத்தி. அதான் சுண்ணாம்பு ஒட்டல," என்றான். குரல் இறங்கிவிட்டது. "கரண்டு போவுது, வாங்கிட்டு வாடான்னு மாமா சொல்லும்போதெல்லாம் பாக்கெட் பாக்கெட்டா நான்தானே கொண்டாந்து குடுத்தேன்."

வரிசையின் கடைசியில், கதவுக்குப் பக்கத்தில், இரண்டு பேர் கையைத் தூக்கி நின்றார்கள். கையில் பிரஷ். ஒருத்தி தலையில் துணி கட்டியிருந்தாள். மற்றவனுக்கு வயிறு முன்னால் தள்ளியிருந்தது. என் கை தானாகத் தலைத்துணிக்குப் போனது.

அதன்பின்தான் எதிர்ச் சுவரில் இருந்த எழுத்தைக் கவனித்தேன். அண்ணனின் கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தும் சாண் உயரம்.

வெள்ளையடிக்க வந்தவர்களே
தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள்
காய்ந்த பிறகுதான் நான்
வர முடியும்

"வேணாம் லா," என்றான் அவன். "நான் கீறிப் போட்டுடுறேன். கருமாதிக்கு ஆளுங்க வருவாங்க. இதப் பார்த்தா யாரு உள்ள வந்து சாப்பிடுவா?" சுரண்டியை எடுத்தான்.

"கைய வச்சியோ, பாத்துக்க!"

அண்ணி எழுந்து உள்ளே வந்திருந்தார். சுவரோரமாக மெல்ல நடந்தார். ஒவ்வொருவர் முன்னாலும் நின்று, கால் முதல் தலைவரை பார்த்தார். எழுத்தின் முன்னால் நின்று முணுமுணுவென்று வாசித்தார். நான் அவர் தோளைத் தொட்டேன்.

"அண்ணி, அண்ணன் கைய யாரும் கட்டல. உங்களுக்குத் தெரியாம செஞ்சுக்கிட்டுதான் இருந்திருக்காரு."

"தெரியக்கூடாதுன்னுதானே செஞ்சாரு," என்றார் அண்ணி. "கோடு தெரிஞ்சா போயிடுவேன்னேன். தெரியாம போட்டாரு. எல்லாத்தையும் போட்டிருக்காரு. உன்னப் போட்டிருக்காரு, இந்தத் தடியனப் போட்டிருக்காரு. நான் எங்க?"

மீண்டும் பார்த்தோம். அண்ணி அந்த வரிசையில் இல்லை.

கதவுப் பக்கத்தை விட்டால் பாக்கி இருந்தது ஒரே சுவர். கட்டிலை ஒட்டிய சுவர், அண்ணி தலை வைத்துப் படுக்கும் பக்கம். அண்ணன் போன நாளில் அவர் முதுகு சாய்ந்திருந்ததும் அதில்தான். வெறும் மஞ்சளாக இருந்தது. நான் குனிந்து வெளிச்சத்துக்கு எதிராகச் சாய்ந்து பார்த்தேன். ஏதோ பளபளத்தது. ஈரமாகவும் இருக்கலாம். மூட்டம் கதவு வழியாக உள்ளே வந்துவிட்டது; சுண்ணாம்பு இனிக் காயாது.

"அடிச்சுடலாமா, அண்ணி?"

அண்ணி அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "அதுலயும் நான் இல்லன்னா?" என்றார். பிறகு, "கோவத்துல எதையாவது எழுதி வச்சிருந்தா?"

அவர் தம்பி வாளியைச் சாக்கால் மூடினான். போகும்போது சுவர்ப் பக்கம் திரும்பாமல், "வர்றேன் மாமா," என்று சொல்லிவிட்டுப் போனான். கேலியாகத் தொடங்கியது, முடிக்கும்போது கேலியாக இல்லை. அண்ணியை என் வீட்டுக்குக் கூப்பிட்டேன். வரமாட்டேன் என்றுவிட்டார். கட்டிலை நகர்த்தச் சொல்லி, அந்தச் சுவரின் அடியிலேயே பாயை விரித்துக்கொண்டார்.

மறுநாள் ஞாயிறு, காலை ஏழு மணி. மழைமானிக்குப் போகாமல் நேராகப் பழைய லயத்துக்குப் போனேன். கதவு திறந்திருந்தது, வெயில் தரைவரை வந்திருந்தது. தொடக்கூடாத அடுப்பை அண்ணி பற்ற வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் தேத்தண்ணிக்குத் தண்ணீரை ஏற்றினார்.

"நீ அடி. காயிறதுக்குள்ள தேத்தண்ணி போட்டுடுறேன்," என்றார்.

சாக்கை எடுத்து, சுண்ணாம்பைக் கலக்கி, இடது மூலையிலிருந்து தொடங்கினேன்.