குடிலில் கிடத்த ஒரு பிள்ளை

தையற்கார அக்கா அளவு நாடாவும் கையுமாக வீட்டுக்கு வந்தபோது, எனக்கு ஜாக்கெட் அளவெடுக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். டிசம்பர் பிறந்திருந்தது. எங்கள் சர்ச்சில் பாதிப் பெண்களுக்குக் கிறிஸ்மஸ் துணி தைப்பவர் அவர்தான். "ஸ்தோத்திரம்மா" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தவர், என்னைத் தாண்டிப் போய், கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த என் மகனின் மார்பைச் சுற்றி நாடாவைப் போட்டார்.

"அக்கா, கை கழுவினீங்களா?" என்றேன். அந்த நாட்களில் யாரைப் பார்த்தாலும் என் வாயில் முதலில் வருவது அதுதான்.

"கழுவிட்டுத்தாம்மா வந்தேன். குடில் புள்ளைக்குச் சட்டை தைக்கணும்ல. என்னாமா இவ்ளோ சின்னதா இருக்குது, பொம்மைக்குத் தைக்கற மாதிரி!"

"எந்தப் பிள்ளை?"

அவர் நாடாவைச் சுருட்டிக்கொண்டே என்னை ஒரு மாதிரி பார்த்தார். "உன் வூட்டுக்காரரு சொல்லலயா?"

பிள்ளையை வாரி மடியில் போட்டுக்கொண்டேன்.

அந்த வழக்கம் எனக்குத் தெரியாததல்ல. எங்கள் சர்ச் வாலாஜாபாத்துக்குப் பக்கத்தில் பாலாற்றை ஒட்டிய காலனியில் இருக்கிறது. கிறிஸ்மஸ் அன்று விடியற்காலை ஆராதனைக்குப் போடும் குடிலில் மரியாள், யோசேப்பு, மாடு, கழுதை எல்லாம் பொம்மைகள்தான். நடுவில் வைக்கோல் மேல் கிடப்பது மட்டும் உயிருள்ள பிள்ளை. சபையில் அந்த வருஷம் கடைசியாகப் பிறந்த குழந்தை எதுவோ, அது. பெற்றவர்கள் சம்மதித்தால் கிடத்துவார்கள். முதல் பாட்டு முடிந்ததும் சபை முழுக்க வரிசையாக வந்து அதன் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும். நான் காஞ்சிபுரத்தில் இந்து வீட்டில் பிறந்தவள். கல்யாணமாகி வந்து பார்த்த முதல் கிறிஸ்மஸிலேயே அந்த வழக்கம் எனக்குப் பிடித்துப்போனது. போன வருஷம் நானும் வரிசையில் நின்று ஒரு கொழுகொழு பெண்குழந்தையின் காலைத் தொட்டேன். கை கழுவினேனா என்று இப்போது ஞாபகமில்லை.

ஆனால் அது கொழுகொழு குழந்தை. என் மகன் ஐப்பசி மழையில், வரவேண்டிய நாளுக்கு வெகுமுன்பே பிறந்தவன். பிறந்ததும் கண்ணாடிப் பெட்டிக்குள் போனான். மூக்கில் ஒரு குழாய், வாயில் ஒரு குழாய். பெட்டியின் பக்கவாட்டு ஓட்டைக்குள் கையை விட்டு ஒரு விரலால் அவனைத் தொட மட்டும் எனக்கு அனுமதி இருந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா சொன்னார்: "கூட்டத்துல கொண்டு போகாதீங்க. சளி புடிச்சா இவன் தாங்க மாட்டான்." தாங்க மாட்டான் என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. காஞ்சிபுரத்தில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்பவள் நான். மைக்ராஸ்கோப்பில் நான் பார்க்காத கிருமியா? ஊரில் யார் தும்மினாலும் எனக்கு அது என் பிள்ளையைத் தேடி வருவதாகவே பட்டது.

சாயங்காலம் கணவர் வண்டியை நிறுத்திவிட்டு வந்ததும் வாசலிலேயே பிடித்துக்கொண்டேன். அவர் குட்டி யானை லோடு வண்டி ஓட்டுகிறார். பட்டு நூல் மூட்டையிலிருந்து கல்யாண வீட்டுப் பாத்திரம்வரை எல்லாம் ஏற்றுவார். பேச்சு மட்டும் குறைவு. பிள்ளை பெட்டிக்குள் இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த மனிதர் ஆராதனை நடுவில் எழுந்து நின்றிருக்கிறார். என் பிள்ளையை உயிரோடு வீட்டுக்கு அனுப்பினால் கிறிஸ்மஸுக்குக் குடிலில் கிடத்துகிறேன் என்று சபை முன்னால் பொருத்தனை செய்திருக்கிறார்.

"எல்லார் முன்னாடியும் சொல்லத் தெரிஞ்சுது, எங்கிட்ட சொல்லத் தெரியலயா?"

"நீ ஆஸ்பத்திரில அழுதுக்கினு இருந்த. உன்கிட்ட என்னானு சொல்றது?"

"டாக்டரம்மா சொன்னது காதுல விழலயா உங்களுக்கு?"

"விழுந்துச்சு." செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். "அவன் பொழைக்கணும்னா எதனா குடுக்கணும்னு தோணுச்சுமா. எங்கிட்ட வேற என்னா இருந்துச்சு?"

எனக்குக் கோபம் இறங்கவே இல்லை. இவருக்குப் பயம் என்று ஒன்று இருந்தால் இப்படி ஒரு வார்த்தையை விடுவாரா என்றுதான் நினைத்தேன்.

அம்மா என் பக்கம் நிற்பாள் என்று நம்பி ஃபோன் போட்டேன். அம்மா காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் புடவை மடிக்கும் வேலை பார்க்கிறாள். சர்ச் என்றாலே அவளுக்குக் கொஞ்சம் ஆகாது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எந்த சாமியா இருந்தா என்னாடி? வேண்டிக்கினா வேண்டிக்கினதுதான். செய்யாம வுட்டுடாதீங்க, பச்ச உடம்புக்காரி நீ" என்றாள். கேட்காமலே இருந்திருக்கலாம்.

கடைசியில் பாஸ்டரிடம் போனோம். சின்ன வயதுக்காரர், தன்மையாகப் பேசுபவர். "கட்டாயம் ஒண்ணும் இல்ல சிஸ்டர். டாக்டர் வேணாம்னா வேணாம். பொம்மைய வச்சுக்கலாம், ஆண்டவர் புரிஞ்சுக்குவார்" என்றார். எனக்கு உயிர் திரும்பி வந்தது. வீடு வந்ததும் கணவர் சோற்றைப் பிசைந்தார், சாப்பிடாமல் எழுந்து போய் வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டார். உட்காரட்டும் என்று விட்டுவிட்டேன்.

அன்றைக்கே பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போது புரை ஏறிவிட்டது. முகமெல்லாம் சிவந்து, மூச்சு விட முடியாமல் ஒரு கணம் அப்படியே விறைத்துப்போனான். முதுகைத் தட்டியதும் இருமி, அழுது, சரியாகிவிட்டான். எல்லாப் பிள்ளைக்கும் நடப்பதுதான். ஆனால் எனக்கு அப்போது தோன்றியது ஒன்றே ஒன்று: ஆரம்பித்துவிட்டது, கொடுத்த வார்த்தையை நான் தடுத்ததால் பிள்ளையைக் கேட்கிறார்கள். யார் கேட்கிறார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது. படித்த படிப்பு, மைக்ராஸ்கோப் எதுவும் அந்த நேரத்துக்கு உதவவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே ஓடி வண்டிக் கதவைத் தட்டினேன்.

"கிடத்திடலாம்" என்றேன்.

அவர் சந்தோஷப்படுவார் என்று பார்த்தேன். தலையை மட்டும் ஆட்டினார்.

அதற்குப் பிறகு பயம் இரண்டு பக்கமும் நின்றது. கிடத்தினால் கிருமி, கிடத்தாவிட்டால் சாமி. பிள்ளை தூங்கும்போதெல்லாம் செல்ஃபோனில் தேடிக்கொண்டிருந்தேன். உலகத்தில் வேறு எங்காவது உயிருள்ள குழந்தையை இப்படிக் கிடத்துகிறார்களா, அதற்கு ஒன்றும் ஆகவில்லையா என்று தெரிந்தால் போதும் எனக்கு. ஒரு நாட்டில் குழந்தை பொம்மையைக் கேக்குக்குள் மறைத்து வைக்கிறார்களாம். இன்னொரு நாட்டில் குழந்தை இடத்தைக் காலியாகவே விட்டு, கிறிஸ்மஸ் பிறந்த பிறகுதான் பொம்மையை வைக்கிறார்களாம். இவர்களெல்லாம் புத்திசாலிகள் என்று நினைத்தேன். அப்புறம் ஒரு படம் வந்தது. பனி கொட்டும் ஊர், திறந்தவெளி, வைக்கோலில் நிஜக் குழந்தை, அதன் தலைமாட்டில் நிஜக் கழுதை. கழுதை மூச்சு குழந்தை முகத்தில் பட்டுக்கொண்டிருந்தது. ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

என்னால் முடிந்ததைச் செய்தேன். குடிலுக்கு வந்த வைக்கோலை மொட்டைமாடியில் போட்டு வெயிலில் காயவைத்தேன். அதன்மேல் விரிக்க என் பழைய நூல் புடவையைக் கொதிநீரில் போட்டு எடுத்தேன். தையற்கார அக்கா கொண்டுவந்த வெள்ளைச் சட்டையைத் துவைத்ததில் அதன் லேஸ் சுருங்கிப்போய், அவர் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. அம்மா மை டப்பாவோடு வந்தாள். கன்னத்தில் வைத்தால் சர்ச்சில் ஏதாவது சொல்வார்கள் என்று உள்ளங்காலில் பெரிய திருஷ்டிப் பொட்டாக வைத்துவிட்டாள்.

கிறிஸ்மஸ் அன்று விடியலில் பாலாற்றுப் பக்கமிருந்து பனி வந்து தெருவை மூடியிருந்தது. பிள்ளைக்கு மேலே மேலே துணி சுற்றிக் கொண்டுபோனேன். சர்ச்சுக்குள் நுழைந்ததும் சூடு முகத்தில் அடித்தது. அத்தனை பேர். அத்தனை பேருடைய மூச்சு. பவுடர், புதுத் துணி, மல்லிகைப்பூ வாசனைக்கு நடுவே என் காதில் விழுந்ததெல்லாம் இருமல்தான். ஆண்கள் பக்கம் ஒன்று, பெண்கள் பக்கம் ஒன்று, பின்னால் ஒரு குழந்தையின் நீளமான சளி இருமல். பாட்டு ஆரம்பித்தது. நான் பாடவில்லை. இது முடியக் கூடாது, முடியக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தேன். அது முடிந்தது.

பாஸ்டர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். எழுந்து போனேன். தென்னங்கீற்றில் கட்டிய குடில், சுற்றிலும் சீரியல் செட் பல்புகள் விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தன. பிள்ளையைப் புடவைமேல் கிடத்தினேன். அவன் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. வழக்கப்படி நான் திரும்பிப் போய் என் இடத்தில் உட்கார வேண்டும். பின்பக்கமாகவே நடந்து கொஞ்ச தூரம் வந்தேன், அவனைப் பார்த்தபடியே.

அப்போதுதான் அவன் முகம் நீலமானது.

அவன் பெட்டிக்குள் இருந்தபோது அந்த நிறத்தை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். உதட்டிலும் மூக்கைச் சுற்றியும் நீலம் பாய்ந்தால் மூச்சு போகவில்லை என்று அர்த்தம். வரிசைக்கு எழுந்தவர்களை இடித்துக்கொண்டு ஓடினேன். யார் காலையோ மிதித்தேன். அவனை வாரி எடுத்து டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தேன். ரோஜா நிறத்தில் இருந்தான். கொட்டாவி விட்டான். மறுபடியும் குடில் பக்கம் திருப்பினால் முகம் சிவப்பு, அப்புறம் பச்சை, அப்புறம் நீலம். சீரியல் பல்பு.

சபை மொத்தமும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒன்றும் ஆகவில்லை என்று எனக்கும் தெரிந்துவிட்டது. அவனைத் திரும்பக் கிடத்த வேண்டியதுதான் பாக்கி. குனிந்தேன். என் கை அவனை விடவில்லை. எவ்வளவு முயன்றும் விடவில்லை. தூக்கிக்கொண்டு வெளியே ஓடவும் பயம். அவனை இடதுகையில் இடுக்கிக்கொண்டு, வலதுகையால் மரியாள் பொம்மையைத் தூக்கி மாட்டுக்குப் பின்னால் நகர்த்தி வைத்தேன். அந்த இடத்தில் வைக்கோல்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து அவனை மடியில் கிடத்திக்கொண்டேன். பட்டுப்புடவை கசங்குவதைப் பற்றி யார் நினைத்தார்கள்.

பெண்கள் பக்கம் முணுமுணுப்பு எழுந்தது. ஆண்கள் பக்கமிருந்து கணவர் எழுந்து வந்தார். பிள்ளையை என்னிடமிருந்து வாங்கி வைக்கோலில் போடத்தான் வருகிறார் என்று நினைத்து அவனை இறுக்கிக்கொண்டேன்.

"என்னால முடியாதுங்க. கேக்காதீங்க" என்றேன்.

அவர் முதலில் குடிலுக்குப் பின்னால் குனிந்து சீரியல் செட்டின் பிளக்கைப் பிடுங்கினார். பிறகு வந்து என் பக்கத்தில், கழுதைக்கு முன்னால், முட்டி போட்டு உட்கார்ந்தார்.

"குடில்ல கிடத்தறேன்னுதாம்மா சொன்னேன். உன் மடியில கெடந்தாலும் குடில்லதான கெடக்குறான்" என்றார் மெதுவாக.

பாஸ்டர் கையை நீட்டி வரிசையைக் கூப்பிட்டார். முதலில் வந்தவர் ஒரு பெரியவர், தோள் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டே வந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அந்தப் பெரியவர் "என்னாபா இது?" என்று கேட்கும் குரல் வந்தது. கண்ணைத் திறந்தேன். என் கணவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சானிட்டைசர் பாட்டிலை எடுத்து அவர் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தார்.

"கையக் காட்டுங்க பெரிப்பா. கொஞ்சம் தேச்சுக்கினு அப்புறம் தொடுங்க."

ஒருவரையும் விடவில்லை. கோபித்துக்கொண்டவர்களையும், சிரித்தவர்களையும், தையற்கார அக்காவையும், பாஸ்டரையும் விடவில்லை. ஈரக் கையோடு தொட்டதில் அம்மா வைத்த மை கரைந்து எல்லார் விரலிலும் ஏறியது. அதையே அவர்கள் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள். வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். என் பார்வை அவர் கையில்தான் இருந்தது. மூட்டை தூக்கிக் காய்த்துப்போன கை. ஒவ்வொரு தடவையும் குறி தவறி ஊற்றியது. பாதி மருந்து வைக்கோலில்தான் கொட்டியது. அந்தப் பாட்டில் புதிது அல்ல, மறுபடி மறுபடி நிரப்பி லேபிள் அழிந்துபோன பழையது. எத்தனை நாளாக அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தார், வீட்டுக்குள் நுழையுமுன் எத்தனை தடவை வண்டியிலேயே கையைத் துடைத்துக்கொண்டார், எதுவும் எனக்குத் தெரியாது.

வரிசை முடிந்தது. பாஸ்டர் குடிலுக்கு முன்னால் வந்து நின்று, "ஜெபம் பண்ணுவோம்" என்றார். சபை முழுவதும் கண்ணை மூடிக்கொண்டது. ஜெபம் நீண்டுகொண்டே போனது. நான் கண்ணை மூடவில்லை, பிள்ளையின் மார்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஏறுகிறதா, இறங்குகிறதா என்று. நடுவில் ஒருமுறை நிமிர்ந்தேன். அவரும் கண்ணை மூடவில்லை. அவரும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.