சின்ன வாட்ச்

என்னிடம் ஒரு தங்க வாட்ச் இருக்கிறது. வருஷத்துக்கு ஏழெட்டு முறை அதைக் கட்டுகிறேன். கட்டுகிற ஒவ்வொரு முறையும் குமட்டிக்கொண்டு வரும். யாரோ சாப்பிட்டுவிட்டு வைத்த தட்டில் எனக்குச் சோறு போட்டது மாதிரி இருக்கும். கல்யாணமான இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் இதை யாரிடமும் சொன்னதில்லை. தங்கம் அருவருப்பாக இருக்கிறது என்று சொல்பவனை ஊர் ஒரு மாதிரியாகத்தான் பார்க்கும்.

முதலில் வாட்ச்சைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மாமனார் வீட்டில் போட்டது. பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய வட்டம். கூடு தங்கம், முகம் பாலாடை நிறம். முள் இரண்டும் அவ்வளவு மெல்லிசு, கண்ணாடி போடாமல் மணி தெரியாது. நொடி முள் கிடையாது, தேதி கிடையாது. ஓடுகிறதா நின்றுவிட்டதா என்பதைக் காதில் வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். பேட்டரியும் இல்லை. குழந்தைக்குச் சோறு ஊட்டுவது போல உட்கார்ந்து கீ கொடுக்க வேண்டும். கொடுத்தாலும் ஒரு நாளைக்கு நாலு நிமிஷம் பின்தங்கும். தண்ணீர் பட்டால் ஆகாது. வேர்வை பட்டால் ஆகாது. மனிதன் கையில் கட்டுவதற்கென்று செய்த பொருளுக்கு வேர்வை ஆகாதென்றால் அதை எதற்குச் செய்தார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

வாரின் உள்பக்கம் தனிக் கதை. வேர்வை, பவுடர், விசேஷ வீட்டுச் சந்தனம் எல்லாம் சேர்ந்து கறுத்துப் பிசுபிசுக்கும். பீரோவைத் திறந்தால் பூச்சி உருண்டை வாசனையையும் தாண்டி அந்தப் புளித்த தோல் நாற்றம் மூக்கில் அடிக்கும். இரண்டு முறை வார் மாற்றினேன். மூன்றாவது விசேஷத்திலேயே பழைய நாற்றம் வந்துவிட்டது. "நாத்தம் வாருல இல்ல, உங்க கையிலதான் இருக்குது போல" என்று என் மனைவி சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன்.

இதில் இன்னொரு இம்சை, இது யாருக்கும் தெரியாத கம்பெனியின் வாட்ச். வேறு ஊராக இருந்தால் பரவாயில்லை. இது ஓசூர். இங்கே தெருவுக்கு நாலு வீட்டில் யாராவது ஒருவர் வாட்ச் கம்பெனியில் வேலை பார்த்தவராக இருப்பார். கல்யாண மண்டபத்தில் வணக்கம் சொல்லக் கையைத் தூக்கினால் போதும், கையைப் பிடித்துத் திருப்பி, வாட்ச்சைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்து, என்னை அண்ணாந்து பார்த்து, "என்ன பிராண்டுங்க இது, கேள்விப்பட்டதே இல்லியே" என்பார்கள். சுருள் சுருளாக எழுதியிருக்கும் அந்தப் பெயரை எனக்கே ஒழுங்காக வாசிக்க வராது. வெளிநாட்டுது என்று சொல்லிக் கையை உருவிக்கொள்வேன். அவர்கள் விரலின் எண்ணெய் கண்ணாடியில் அப்பியிருக்கும். அதை வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டே சாப்பாட்டுப் பந்திக்குப் போவேன்.

நல்லவேளையாக வேலைக்கு இதைக் கட்ட வேண்டியதில்லை. நான் உதிரி பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் குவாலிட்டியில் இருக்கிறேன். மிஷின் இருக்கிற இடத்தில் மோதிரம், வாட்ச், கையில் கட்டிய கயிறு எதுவும் கூடாது. எல்லாவற்றையும் லாக்கரில் கழற்றிவைத்துவிட்டு வெறும் கையோடு உள்ளே போகும்போது எனக்கு உண்மையிலேயே நிம்மதியாக இருக்கும்.

இந்த வாட்ச் என் கைக்கு வந்த கதையை நான் கேன்டீனில் பல முறை சொல்லியிருக்கிறேன். பெருமையாகத்தான் சொல்வேன். எனக்குச் சொந்த ஊர் கல்லாவிப் பக்கம். அப்போது போச்சம்பள்ளியில் ஒரு கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். பெண் கர்நாடக எல்லையோரப் பாகலூர். சாதி ஒன்று, வீட்டுப் பாஷை வேறு. அவர்கள் வீட்டுக்குள் கன்னடம், வெளியே தமிழ், பக்கத்து வீட்டோடு தெலுங்கு. எனக்கு அப்போது தமிழைத் தவிர ஒன்றும் தெரியாது.

பெண் பார்த்துப் பிடித்துப்போய், பேச உட்கார்ந்தோம். மாமனார் ராகியும் தக்காளியும் போடுகிற விவசாயி. அவர் தமிழே பாதி கன்னடம். "மாப்ளே, உங்களுக்கு ஏன் வேணும், சொல்லிபிடி" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எதற்கு வேண்டும் என்று இந்த மனுஷன் முகத்துக்கு நேராகக் கேட்கிறாரே என்று நினைத்தேன். பக்கத்தில் இருந்தவர்தான், கன்னடத்தில் ஏன் என்றால் என்ன என்று அர்த்தம், என்ன வேண்டும் என்றுதான் கேட்கிறார் என்று காதோரம் சொன்னார். எல்லோரும் சிரித்தோம்.

எனக்கு வரதட்சணை பிடிக்காது. நண்பர்களிடம் சபதமெல்லாம் போட்டிருந்தேன். ஒன்றுமே வேண்டாம் என்றால் பெண் வீட்டாருக்குக் குறையாகிவிடும் என்று பெரியவர்கள் சொன்னதால், "எதுவும் வேணாங்க. ஒரு சின்ன வாச்சு போதும்" என்றேன். அவர் ஒரு நிமிஷம் தன் மனைவியைப் பார்த்தார். அப்புறம் தரையைப் பார்த்தார். அப்புறம் தலையை ஆட்டினார். இப்படி ஒரு மாப்பிள்ளையா என்று மனுஷன் நெகிழ்ந்துபோய்விட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

நிச்சயத்தன்று சபையில் வைத்து இந்தத் தங்க வாட்ச்சைக் கட்டிவிட்டார்கள். கையை நீட்டச் சொன்னார்கள், நீட்டினேன். ஆல்பத்தில் அந்தப் படம் இருக்கிறது. முழுக்கைச் சட்டையில் வலது கை பட்டன் போட்டிருக்கும், இடது கை மட்டும் இரண்டு மடிப்பு மடித்திருக்கும். வாட்ச் தெரிய வேண்டுமென்று யாரோ மடித்துவிட்ட கோலம் என்று ஆல்பத்தைப் பார்க்கிறவர்களிடம் கிண்டல் செய்வேன்.

"நான் கேட்டது சின்ன வாச்சு. அவங்க ஊருக்குக் காட்டறதுக்காகத் தங்கத்துல போட்டுட்டாங்க. நான் என்ன பண்றது?" கேன்டீனில் என் கதை இப்படித்தான் முடியும். கேட்பவர்கள் என்னைக் கொஞ்சம் மரியாதையோடு பார்ப்பார்கள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கும்.

மாமனார் வீட்டு ஆட்களை அதற்குப் பிறகு நான் பகட்டுக்காரர்கள் என்றே முடிவு கட்டிவிட்டேன். அங்கே எந்த விசேஷமானாலும் என் மனைவி பீரோவிலிருந்து வாட்ச்சை எடுத்து முந்தானையில் துடைத்து, "இதைக் கட்டிக்குங்க" என்று நீட்டுவாள். மாமியார் வாசலில் என் கையைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்ப்பார். கட்டியிருக்கிறேனா என்று செக்கிங். அந்தம்மா கையில் எப்போதும் கண்ணாடி வளையல் மட்டும்தான். மாப்பிள்ளைக்குத் தங்கம் போட்டு மினுக்கத் தெரிந்தவருக்குக் கட்டின மனைவி கையில் ஒரு வளையல் போடத் தெரியவில்லையே என்று மாமனாரை மனதுக்குள் எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன்.

ஒரு தடவை எரிச்சல் தாங்காமல், மனைவிக்குத் தெரியாமல் இதை ஒரு நகைக்கடைக்குக் கொண்டுபோனேன். விற்றுவிட்டுத் தொலைந்துபோனது என்று சொல்லிவிடலாம் என்று யோசனை. கடைக்காரர் லென்ஸ் வைத்துப் பார்த்தார். "பேரு தெரியாத கம்பெனிங்க, வாச்சா யாரும் வாங்கமாட்டாங்க. மிஷினை எடுத்துட்டா வெறும் கூடுதான். ஒரு வளையலுக்குக்கூட தேறாது" என்று திருப்பிக் கொடுத்தார். தங்கம் என்ற பெயரில் இதுவும் ஒரு ஏமாற்று என்று இன்னும் வெறுப்பாகி, மறுபடி பீரோவில் போட்டேன்.

போன மாதம் மனைவியின் சித்தப்பா மகளுக்கு மாப்பிள்ளை வீட்டார் பேச வந்தார்கள். பாகலூரில் மாமனார் வீட்டில்தான் ஏற்பாடு. நான் வழக்கம்போல வாட்ச்சோடு போயிருந்தேன். சாப்பிட்டு முடித்து, கை கழுவப் பின்கட்டுக் குழாய்க்குப் போனேன். தண்ணீர் படக் கூடாதே, அதனால் இடது கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு வலது கையைக் கழுவித் துடைத்துவிட்டு, வாட்ச்சைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டிருந்தேன். சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே மனைவியின் சின்னம்மா, அதாவது கல்யாணப் பெண்ணின் அம்மா, யாரிடமோ கன்னடத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். இவர்கள் என்ன கேட்கிறார்களோ என்று பயமாக இருக்கிறது என்றார். அப்புறம் சொன்னார்:

"ஆ அளிய சின்னத வாச் கேளித்தக்கே அக்கன கை பளெ ஹோய்த்து."

அந்த மாப்பிள்ளை தங்க வாட்ச் கேட்டதால் அக்காவின் கை வளையல் போயிற்று. அக்கா என்றது என் மாமியாரை. நாலு வளையலாம். வளையலை விற்றுவிட்டு, பெங்களூரில் தெரிந்த ஒருவர் சொன்ன கடையில், கிடைத்த தங்க வாட்ச்சை வாங்கி வந்தார்களாம். எந்தக் கம்பெனி என்று பார்க்கக்கூட அவர்களுக்குத் தெரியவில்லையாம்.

கன்னடத்தில் சின்ன என்றால் தங்கம். இது எனக்குத் தெரியாததில்லை. ஓசூருக்கு வேலை மாறி வந்து பத்து வருஷமாகக் கன்னடம் பேசுகிறேன். ஷிப்டில் பாதிப் பேர் கர்நாடகப் பக்கத்து மாலூர், ஆனேக்கல்காரர்கள். ஆனால் நான் அன்று சொன்ன வாக்கியத்தை நான் தமிழிலேயே ஞாபகம் வைத்திருந்தேன். அது அந்தக் கூடத்தில் எந்தப் பாஷையில் போய் விழுந்தது என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை. தமிழிலும் சின்ன என்றால் சின்னது, தெலுங்கிலும் சின்னது. என் மாமனார் மூன்றாவது பாஷைக்காரர்.

பன்னிரண்டு வருஷமாக அந்த வீட்டில் நான் தங்கம் கேட்டு வாங்கியவன். அவர்கள் போட்ட சோற்றைத் தின்றுகொண்டே அவர்களைப் பகட்டுக்காரர்கள் என்று நினைத்தவன். குழாயைத் திறந்து, கழுவின வலது கையை மறுபடியும் கழுவினேன். வாசலில் மாமியார் எங்களை வழியனுப்பும்போது என் வெறும் கையைப் பார்த்தார். பைக்குள் இருக்கிறது என்று சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினேன். சரி என்று தலையாட்டினார். அவர் கையில் பச்சைக் கண்ணாடி வளையல் கிலுகிலுத்தது.

திரும்பும் வழியில், ரோஜாத் தோட்டத்துப் பிளாஸ்டிக் கொட்டகைகள் வரிசையாக நிற்கிற இடத்தில் பைக்கை ஓரம் கட்டினேன். என்னவென்று கேட்டு மனைவி இறங்கினாள். கேட்டதைச் சொன்னேன். நான் கேட்டது எது என்பதையும் சொன்னேன்.

"நான் தங்கம் கேக்கல. சின்ன வாச்சுன்னேன். தமிழ்ல. சிறுசா ஒன்னுன்னு."

அவள் நம்பாமல் பார்த்தாள். "நெசமாவா?"

"உம்மேல ஆணை."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிக்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான் அப்பவே அம்மாகிட்ட இந்த ஆளு வேணாம்னு சொன்னேன். அம்மாதான், வாய் விட்டுக் கேட்டவரு அதோட விட்டுருவாரு, கேக்காதவங்கதான் காலம் பூரா கேப்பாங்கன்னு சொல்லி வளையலைக் கழட்டிக் குடுத்தாங்க. விசேஷத்துக்கெல்லாம் நான் எதுக்கு இதைக் கட்டச் சொல்றேன்? அம்மா வளையல் எங்க இருக்குதுன்னு அவங்க பாக்கட்டும்னுதான்."

"வா, இப்பவே திரும்பிப் போய்ச் சொல்லிரலாம்" என்றேன். எனக்குப் பெரிய பாரம் இறங்கியது மாதிரி இருந்தது. தப்பு என்னுடையது இல்லை, ஒரு சொல்லினுடையது. நான் அன்றும் நல்லவன்தான், இன்றும் நல்லவன்தான். மாமியார் காலில் விழுந்து வாட்ச்சைக் கொடுத்துவிட்டு, நாலு வளையல் நானே செய்து போடலாம். அதற்குள் மனதுக்குள்ளேயே அந்தக் காட்சியை நடத்தியும் பார்த்துவிட்டேன்.

அவள் பைக்கில் ஏறவில்லை.

"எங்கப்பா அதை உங்க கையில கட்டினாரே, அப்ப பாத்தீங்கதான? தங்கம்னு தெரிஞ்சுதுதான?"

"தெரிஞ்சுது."

"நான் கேட்டது இது இல்லன்னு அப்பச் சொல்லியிருக்கலாமே. ஏன் சொல்லல?"

அது தமிழ் ஏன்தான். பக்கத்தில் யாரும் வந்து காதோரம் அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நிச்சயத்தன்று மாமனார் எவ்வளவு முயன்றும் வாரின் ஊசி துளையில் ஏறவில்லை. சட்டைக் கை வேறு இடைஞ்சலாக இருந்தது. போட்டோக்காரர் காத்துக்கொண்டு நின்றார். அந்தப் பட்டனைக் கழற்றி, வாட்ச் நன்றாகத் தெரியும்படி கையை இரண்டு மடிப்பு மடித்துவிட்டது வேறு யாரும் இல்லை, நான்தான்.