லட்சுமணனுக்கு இரண்டு வரி

லோகநாயகிக்குக் கிடைத்த வேலை என்னவென்று அவள் வீட்டில் யாருக்கும் புரியவில்லை. அம்பத்தூர் ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு மாடியில் பக்தவத்சலம் என்பவர் கம்ப்யூட்டர் சென்டர் நடத்திவந்தார். அங்கே டைப்பிங் சொல்லிக்கொடுக்கத்தான் அவள் தொண்ணூற்றைந்தில் சேர்ந்தாள். சில மாதம் போனதும் அவர் அவளைக் கூப்பிட்டு, "நீ பத்திரிகையில கதையெல்லாம் எழுதுவியாமே" என்று கேட்டார். வாசகர் பக்கத்தில் ஒன்றிரண்டு துணுக்கு வந்ததோடு சரி. அதையே சொன்னாள். "அது போதும்மா" என்றார்.

அவருக்கு வெகுநாளாக ஓர் ஆசை. கம்ப்யூட்டரில் பிள்ளைகள் ஆடுவதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு. சுடுவது, தாண்டுவது, எல்லாம் இங்கிலீஷ். தமிழில் ஒன்று செய்து பள்ளிக்கூடங்களுக்கு விற்கவேண்டும், அதில் சரித்திரமும் இருக்கவேண்டும். அதற்கு ஆள் தயாராக இருந்தான். மனோகரன், கள்ளிக்குப்பத்துப் பையன். அவனுடைய அப்பா அங்கே பிறர் நிலத்தில் கூலிக்கு உழுதவர். அம்பத்தூர்த் தொழிற்பேட்டை வந்தபிறகு அச்சுப் பட்டறையில் சேர்ந்து மகனைக் கல்லூரிவரை படிக்கவைத்திருந்தார். மனோகரனுக்குப் புரோகிராம் எழுத வரும். படமும் ஓரளவு வரும். கதைதான் வரவில்லை.

"பையன் ஏரிக்கர மதகுக்குள்ள பூந்தா பழைய காலத்துக்குப் போய்டறான் மேடம். அவ்ளோதான் நம்ம கையில கீது. மீதிய நீங்க சொல்லுங்க" என்றான் முதல் நாள்.

வற்றிப்போன ஓர் ஏரியைத் தேடிப் பையன் போவதாக அவள் கதை கட்டினாள். இரண்டாம் உலகப் போருக்காக ஆவடியில் சிப்பாய்களின் கூடாரங்கள் நின்ற காலத்துக்குப் போவான். அங்கிருந்து இன்னும் பின்னால், பூந்தமல்லியில் வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்த காலத்துக்குப் போவான். தமிழ் எழுத்துகளை மனோகரன் ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்துத் திரையில் வரைந்தான். 'ஞ' ஒன்றுக்கே ஒரு பகல் போயிற்று.

அவனுக்கு ஒரு கூட்டாளி சிங்கப்பூரிலிருந்து விளையாட்டு டிஸ்க்குகள் கொண்டுவந்து கொடுத்திருந்தான். அவற்றை ஆடி ஆடியே இந்த மாதிரிக் கதைகளின் சட்டதிட்டமெல்லாம் மனோகரனுக்குப் படிந்திருந்தது. லோகநாயகிக்கு எல்லாம் புதிது.

"கதாநாயகன் ஏன் வாயே தொறக்க மாட்டேன்றான்?" என்று கேட்டாள்.

"ஆடறவன்தான் மேடம் ஹீரோ. இவன் பேசிட்டா அவனுக்கு இன்னா வேல?"

"மத்தவங்கல்லாம் சொன்னதையே சொல்றாங்க. ஏரிக்கர கெழவர் கிட்ட எத்தன வாட்டி போனாலும், 'மதகுப் பக்கம் போகாத'ன்றாரு."

"ஒரு ஆளுக்கு ரெண்டு வரிதான். அதுக்கு மேல பிளாப்பி தாங்காது."

இன்னொரு நாள், டீ குடித்துக்கொண்டிருக்கும்போது, பழைய காலத்துக்குப் போகிறவன் அங்கே எதை வேண்டுமானாலும் மாற்றலாமா என்று கேட்டாள். மனோகரன் கிளாசைக் கீழே வைத்துவிட்டு யோசித்துச் சொன்னான். "சின்னதா மாத்தலாம். அங்க ஒரு வெத போட்டா இங்க மரமா நிக்கும், அந்த மாரி. ஆனா பெருசா ஒண்ணு மாத்தவே முடியாம இருக்கணும் மேடம். அதுக்காகத்தான அவன் ஊட்ட உட்டுக் கெளம்பறான். அத மொதல்லயே மாத்திட்டா கதையே கெடையாது."

"கடைசியிலயாவது?"

"கடசில மாத்தலாம். மாத்திட்டுத் திரும்பி வந்தா எல்லாம் நல்லா கீது. ஆனா முன்ன எப்பிடி இருந்துச்சுன்னு அவன் ஒருத்தனுக்குத்தான் ஞாபகம் இருக்கும். மத்தவங்க, எப்பவுமே இப்பிடித்தான் இருந்த மாரி பேசிக்கினு இருப்பாங்க."

அன்று சாயங்காலம் ஆவடிக்குத் திரும்பும் ரயிலில் லோகநாயகி அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். அவளுக்கு மாற்றவேண்டியது ஒன்று இருந்தது.

அவள் அப்பா நாகப்பன் வந்தவாசிப் பக்கத்துக்காரர். ராணுவத் தொழிற்சாலையில் பிட்டர். ஆவடியில் குவார்ட்டர்ஸ். மகன் லட்சுமணனும் அதே தொழிற்சாலையில் அப்ரண்டிஸாகச் சேர்ந்துவிட்டால் குடும்பம் நிமிர்ந்துவிடும் என்பது அவர் கணக்கு. லட்சுமணனுக்கு லாரிமேல்தான் கண். பள்ளிக்கூடம் விட்டால் நசரத்பேட்டைக்குச் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய், பெங்களூர் ரோட்டில் நிற்கும் வண்டிகளின் அடியில் படுத்துக் கிடப்பான். எண்பத்தேழில் அப்ரண்டிஸ் பரீட்சையன்று அவன் பரீட்சைக்குப் போகவில்லை. கிரீஸ் கையோடு வீட்டுக்கு வந்தான். நாகப்பன் அடிக்கவில்லை. சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "இனிமே என் மூஞ்சில முழிக்காத" என்றார். மறுநாள் காலையில் லட்சுமணன் பேருந்து நிலையத்தில் பூந்தமல்லி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்ததைப் பக்கத்து வீட்டு ஜெகதாம்பாள் பார்த்திருக்கிறாள். எங்கே என்று கேட்டதற்கு, "தோ, பூந்தமல்லி வரைக்கும்" என்றானாம். அவனுக்கு அப்போது பத்தொன்பது வயது. லோகநாயகி அந்த நேரம் பள்ளிக்கூடத்தில் பிரார்த்தனைப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள்.

பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. நாகப்பன் வாயால் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் நசரத்பேட்டைக்குப் போய் லாரிக்காரர்களிடம் விசாரித்துவிட்டு வருவார். அம்மா பார்வதம் தினமும் ஒரு பிடி அரிசி கூடுதலாகப் போட்டாள். மிஞ்சியதில் தண்ணீர் ஊற்றிவைத்து, காலையில் தானே சாப்பிட்டாள்.

விளையாட்டில் இன்னொரு கட்டம் வேண்டும் என்று லோகநாயகி கேட்டாள். ஏரியைத் தேடிப் போகும் பையன் வழியில் எண்பத்தேழாம் வருஷத்து ஆவடியில் இறங்குகிறான். பேருந்து நிலையத்தில் ஓர் இளைஞன் வீட்டைவிட்டுக் கிளம்பி நிற்கிறான்.

பக்தவத்சலம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இதுல சரித்திரம் எங்கம்மா வருது?"

"அப்ப பஸ் ஸ்டாண்ட் எப்படி இருந்துச்சுன்னு காட்டலாம் சார்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். எதைக் கண்டாரோ, சரி என்று சொல்லிவிட்டார். மனோகரன் கேள்வி கேட்காமல் வரைந்தான். நிழற்குடை, முறுக்கு விற்கிறவள், சிவப்புப் பேருந்து, கையில் ஒரு பையோடு ஓர் ஆள். அவனிடம் பேசினால், "தோ, பூந்தமல்லி வரைக்கும்" என்பான். மறுபடி பேசினால், "பஸ் வருது, வரேன்" என்பான். பேருந்து வரும், அவன் ஏறிப் போய்விடுவான். மனோகரன் வகுத்த முறைப்படி அதுதான் மாற்றமுடியாத பெரிய விஷயமாக ஆயிற்று. சென்டருக்கு வரும் பிள்ளைகள் ஆடிப்பார்த்தார்கள். போன வேலையான ஏரியை மறந்துவிட்டு அந்த ஆளை நிறுத்தவே எல்லாரும் பாடுபட்டார்கள். பேருந்துக்குக் குறுக்கே போய் நின்றார்கள். முறுக்கு வாங்கிக் கொடுத்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

தொண்ணூற்றாறில் நாகப்பன் ஓய்வுபெற்றார். குவார்ட்டர்ஸைக் காலி செய்யவேண்டும். வெள்ளானூரில் வாங்கிப் போட்டிருந்த மனையில் இரண்டு அறை எழும்பியிருந்தது. சாமான்களை வண்டியில் ஏற்றியபிறகு பார்வதம் சமையலறையைவிட்டு வெளியே வரமாட்டேன் என்றாள்.

"பையன் வந்தா இங்கதான வருவான். வேற யாரோ கதவத் தொறந்தா, வந்த கால்லயே போய்டுவான்."

"ஜெகதாம்பா கிட்ட சொல்லிக்கீதுமா. புது ஊட்டுக்கு வழி சொல்லி அனுப்புவாங்க" என்றாள் லோகநாயகி.

"அவங்க ஊட்லயும் ஒரு நாளைக்கு ரிட்டையர் ஆவாங்களே."

நாகப்பன் வந்து, மனைவியின் தோளைத் தொட்டு வெளியே அழைத்துப் போனார். அவர் நாலு பேர் பார்க்க அப்படிச் செய்து லோகநாயகி கண்டதில்லை.

மறுநாள் சென்டருக்குப் போனதும் மனோகரனிடம், "அவன நிறுத்தறதுக்கு ஒரு வழி வை" என்றாள். அதுவரை மனோகரனிடம் 'நீங்க' என்றுதான் பேசிவந்தாள். அன்று அது தவறியதை இருவருமே கவனிக்கவில்லை.

"மேடம், கதை அங்கியே முடிஞ்சிடும்."

"முடியட்டும்."

அவன் இரண்டு நாள் உட்கார்ந்து வழி வைத்தான். குவார்ட்டர்ஸுக்குப் போய் அம்மாவிடம் சோற்றுத் தூக்கு வாங்கிவந்து கொடுத்தால் அந்த ஆள் நிற்பான். மத்தியானம், எல்லாரும் சாப்பிடப் போயிருந்தபோது, லோகநாயகி ஆடினாள். தூக்கைக் கொடுத்தாள். பேருந்து வந்தது. லட்சுமணன் ஏறவில்லை. "சரி வா, ஊட்டுக்குப் போலாம்" என்ற எழுத்துகள் வந்தன. பேருந்து காலியாகப் போயிற்று. இரண்டு உருவங்களும் நடந்து குவார்ட்டர்ஸுக்குள் போயின. அம்மா அடுப்படியில் நின்றாள். அப்பா நாற்காலியில் இருந்தார். லோகநாயகி அண்ணனிடம் பேசினாள்.

"சரி வா, ஊட்டுக்குப் போலாம்."

மறுபடி பேசினாள். வீட்டுக்குள் நின்றுகொண்டே அவன் அதையேதான் சொன்னான்.

பின்னால் வந்து நின்ற மனோகரன் தயங்கித் தயங்கிச் சொன்னான். "ஊட்டுக்கு வந்தப்புறம் இன்னா பேசுவாருன்னு நீங்கதான் மேடம் எழுதணும். ரெண்டு வரிக்கு எடம் உட்டு வெச்சிக்கீறேன்."

அவள் உட்கார்ந்து யோசித்தாள். அண்ணன் அவளை "லோகு" என்று கூப்பிடுவான், அது நினைவிருந்தது. அதற்குமேல் என்ன பேசுவான்? சைக்கிளில் முன்னால் உட்காரவைத்துக் கொண்டுபோகும்போது ஏதேதோ சொல்வான். காற்றுச் சத்தம்தான் காதில் நிற்கிறது. வீட்டுக்குப் போய் அம்மாவைக் கேட்டாள். "எப்படிப் பேசுவான்னா" என்று பார்வதம் புளி கரைத்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். "எம்மா, சோறு போடுன்னுவான். வேற இன்னா பேசுவான், ஆம்பளப் புள்ள." பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கும் நினைவில்லை என்பது அப்போது லோகநாயகிக்குத் தெரிந்தது.

ஒரு வாரம் வரை எழுதி எழுதிப் பார்த்தாள். எது எழுதினாலும் அது பத்திரிகைத் துணுக்கில் வரும் அண்ணன் மாதிரி இருந்தது. கடைசியில் மனோகரனிடம் அந்த வழியை அடைத்துவிடச் சொன்னாள். விளையாட்டு வெளிவந்தபோது லட்சுமணன் பழையபடி பேருந்தில் ஏறிப் போனான். ஒருசில பள்ளிக்கூடங்கள் வாங்கின. பெரும்பாலான இடங்களில் கம்ப்யூட்டரே கிடையாது. பக்தவத்சலம் கொஞ்ச நாள் மனம் ஒடிந்திருந்துவிட்டு, மறுபடி டைப்பிங்குக்கும் கணக்குப் பாடத்துக்கும் திரும்பினார். மனோகரனை, இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டர்களுக்கு வருஷக்கணக்குக் குழம்பிவிடும் என்று, அதைச் சரிசெய்ய அமெரிக்காவில் ஆள் எடுத்த ஒரு கம்பெனி அழைத்துக்கொண்டது. விடைபெற வந்தவன், "அந்த ரெண்டு வரி எடத்த நான் அழிக்கல மேடம். காலியாவே கீது" என்றான்.

தொண்ணூற்றெட்டு ஐப்பசியில், மழை விட்டிருந்த ஒரு காலை, வெள்ளானூர் வீட்டின் கதவை யாரோ தட்டினார்கள். லோகநாயகி போய்த் திறந்தாள். தொந்தி விழுந்து, முன்நெற்றி ஏறி, கால்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்ட ஓர் ஆள் சேற்றில் நின்றார்.

"நாகப்பன் ஊடு இதானுங்களா? குவார்ட்டர்ஸ்ல வழி சொன்னாங்க."

குரலை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. சின்ன வயதில் காது மடலில் பட்ட வெட்டுத் தழும்புதான் தெரிந்தது. "அண்ணா" என்றாள்.

அவன் அவளை மேலும் கீழும் பார்த்தான். பாவாடை சட்டையில் விட்டுப்போன தங்கை அவன் மனதில் இருந்திருக்கவேண்டும். "லோகுவா" என்றவன், அடுத்து என்ன சொல்வதென்று தெரியாமல், "நல்லா கீறீங்களா?" என்று கேட்டான்.

பார்வதம் அழுது முடிக்க வெகுநேரம் ஆயிற்று. நாகப்பன் ரேடியோவை நிறுத்திவிட்டு, "சாப்ட்டியா?" என்றார். அப்பனும் மகனும் அதற்குமேல் அந்தப் பழைய விஷயத்தைப் பேசவேயில்லை. லட்சுமணன் பெல்காமில் லாரி மெக்கானிக் ஷெட் வைத்திருந்தான். அந்த ஊர்ப் பெண்ணையே கட்டிக்கொண்டிருந்தான், ஒரு மகளும் இருந்தாள். ஏன் வரவில்லை என்று அம்மா கேட்டபோது தரையைப் பார்த்தபடி சொன்னான். "மொத ரெண்டு வருசம் கோவம். அப்பறம் வெக்கம். அப்பறம் அப்பிடியே பழகிப் போச்சு."

இரண்டு நாள் இருந்தான். டயர் விலை, சுங்கச்சாவடித் தகராறு, பெல்காம் மழை என்று நிறையப் பேசினான். லோகநாயகி எதிரே உட்கார்ந்து ஒரு சொல் விடாமல் கேட்டாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவள் கண் அந்தக் கனத்த முகத்துக்குள் ஒல்லியான ஒரு முகத்தைத் தேடிக்கொண்டே இருந்தது. அது ஒருதரம்கூடத் தென்படவில்லை.

பூந்தமல்லிவரை அவனை வழியனுப்பப் போனாள். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள். "அன்னைக்கு பஸ் ஸ்டாண்டுல யாராவது நில்லுன்னு சொல்லியிருந்தா நின்னுருப்பியாண்ணா?"

லட்சுமணன் நிஜமாகவே யோசித்தான். "தெரியலமா. பஸ்ஸு ஒடனே வந்துடுச்சு" என்றான்.

பொங்கலுக்கு மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தான். வீடு நிறைந்திருந்தது. கொல்லைப்பக்கம் தனியே நின்ற லோகநாயகியைப் பார்வதம் கண்டுவிட்டாள். "அதான் வந்துட்டானே, இன்னும் இன்னாடி யோசன உனக்கு?"

"ஒண்ணும் இல்லமா" என்றாள். அம்மாவிடம் சொல்லக்கூடியதாக அது இல்லை. வந்தவன்மேல் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. போனவன் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

அண்ணன் மகள் ஓடிவந்து அவள் விரலைப் பிடித்துக்கொண்டாள். வயல்வெளியில் கல் நட்டுக் கயிறு கட்டியிருந்த மனைகளைத் தாண்டி இருவரும் நடந்தார்கள். எருமைமேல் உட்கார்ந்திருந்த ஒரு கொக்கைக் காட்டி அந்தச் சிறுமி கன்னடத்தில் ஏதோ கேட்டாள். லோகநாயகிக்குப் புரியவில்லை. குனிந்து, இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள்.